கைபேசியில் என்ன பார்த்தோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் நடந்த அங்கன்வாடிப் பணியாளர் பயிற்சி பற்றித் தங்கள் நெல்லைப் பதிப்பில் வந்த செய்தியின் கடைசி வரி: 'பங்கேற்றவர்கள் பலர் கைபேசியிலேயே மூழ்கியிருந்தனர்.' மூழ்கியவர்களில் நானும் ஒருத்தி. தங்கள் நிருபர் அப்படியே கொஞ்சம் எட்டிப் பார்த்திருக்கலாம். அங்கன்வாடிப் பதிவுகளை ஏற்றும் அரசுச் செயலியான போஷன் டிராக்கரில்தான் மூழ்கியிருந்தோம். மாதக் கடைசி. நோட்டில் எழுதி வைத்திருந்த பிள்ளைகளின் எடையும் உயரமும் அன்றைக்குள் ஏற வேண்டும்; ஏறாவிட்டால் சாயங்காலம் யாரிடமிருந்து போன் வரும் என்பது தாங்கள் அறியாததல்ல. எங்கள் ஊரில் சிக்னல் கிடையாது. பாளையங்கோட்டையில் நன்றாகக் கிடைத்தது, ஏற்றினோம்.

பந்தி பரிமாறுகிறவளைப் பார்த்து 'நீ ஏன் இன்னும் சாப்பிட உட்காரவில்லை' என்று கேட்பது போலிருக்கிறது தங்கள் செய்தி.

விளையாட்டுவழிக் கல்விக்காக மத்திய அரசு 2023இல் கொண்டுவந்த மூன்று நாள் பயிற்சி அது. நல்ல பயிற்சிதான், குறை சொல்ல மாட்டேன். ஆறு வயதுக்குள் மூளை வளர்ச்சியில் 85 விழுக்காடு முடிந்துவிடும் என்று திரையில் போட்டார்கள். குழந்தையின் கண்மட்டத்துக்குக் குனிந்து பேசுங்கள் என்றார்கள். ஆனால் அந்த அரங்கில் ஒரு குழந்தைகூட இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டோம்.

எங்கள் முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளைகள். மூன்று வயதுப் பிள்ளை காகிதத் துண்டைச் சுருட்டி, இல்லாத நூலை விரலால் சுற்றிக் கட்டி, பல்லால் கடித்து அறுக்கிறது. விரல் பழக மணி கோக்கச் சொல்லித் தந்தார்களே, இந்தப் பிள்ளைக்கு அந்த விளையாட்டை மறக்கடிக்க வேறென்ன கொடுப்பது என்று எழுந்து கேட்டேன். கேள்விகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். கடைசியில் டீ வந்தது, குரூப் போட்டோ எடுத்தார்கள். தாங்கள் வெளியிட்டது அந்தப் படம்தான்.

அங்கன்வாடி 1975இல் தொடங்கிய திட்டம், அரை நூற்றாண்டு கண்டுவிட்டது. ஆனாலும் எங்களைப் படிப்பு சொல்லித்தருகிறவர்களாக யார் நினைத்தார்கள்? 2019இல் 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வந்தபோது இடைநிலை ஆசிரியர்களை அனுப்பினார்கள். அங்கன்வாடிக்குப் போவது பதவியிறக்கம் என்று அவர்களில் சிலர் நீதிமன்றப் படி ஏறினார்கள். அதையும் தாங்கள்தான் பிரசுரித்தீர்கள். ஆடிப் பாடிப் பிள்ளைகளை அதுவரை பழக்கியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது சத்துமாவு வாங்க வருகிற தாயின் முகத்தையும், ஆள் அவள்தானா என்று சரிபார்க்க, செயலியில் பிடிக்க வேண்டும். 'டீச்சர், பீடி கொடுக்கப் போவணும், சட்டுனு விடுங்க' என்று நிற்கிறவளை, 'எம்மா, கண்ணைச் சிமிட்டு' என்று கெஞ்சுகிறேன். அந்நேரம் கதை பாதியில் நிற்கிறது, பிள்ளைகள் வாசலுக்கு ஓடுகிறார்கள். இதற்கெல்லாம் எந்தப் பயிற்சியிலும் ஸ்லைடு இல்லை.

கேட்பது பெரிதல்ல. பயிற்சி நாட்களில் மட்டும் செயலிப் பதிவுக்கு விலக்கு வேண்டும் என்று இரண்டு வரி எழுதுங்கள். அடுத்த பயிற்சியில் ஒரு வேளையையாவது ஏதாவதொரு மையத்தில், பிள்ளைகளை வைத்துக்கொண்டு நடத்தச் சொல்லுங்கள். நிருபரையும் அனுப்பலாம், அவர் கைபேசியையும் கொண்டுவரட்டும்.

பெயர் வெளியிட வேண்டாம். காரணம் தங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
அங்கன்வாடிப் பணியாளர் ஒருத்தி,
முக்கூடல் அருகிலிருந்து