சேஃபா, அவுட்டா?

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மா முருங்கைக்கீரைப் பொடி செய்து வைத்திருக்கிறாள். யாராவது உங்கள் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புவோம்.

சனிக்கிழமை பேரனுடைய பேஸ்பால் ஆட்டத்துக்கு நீ அம்பயராக நின்றதையும், எதிர் டீம் பையனின் அப்பா ஒருவர் வேலியோரம் நின்று உன்னைப் பார்த்துக் கத்தியதையும் மாப்பிள்ளை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இனிமேல் அந்தப் பக்கமே போவதில்லை என்று சொல்லிவிட்டாயாமே. போவதும் போகாததும் உன் இஷ்டம். ஆனால் பள்ளிக்கூடத்தில் சாஃப்ட்பால் சொல்லிக்கொடுத்த வாத்தியாரான எனக்கு இதைக் கேட்டபிறகு சும்மா இருக்க முடியவில்லை. நீ குடியிருக்கும் டெட்ராய்ட்டிலேயே நடந்த ஒரு கதையை உனக்குச் சொல்ல வேண்டும்.

2010 ஜூன் 2. கொமெரிக்கா பார்க் மைதானம். டெட்ராய்ட் டைகர்ஸுக்கும் கிளீவ்லாந்துக்கும் ஆட்டம். பந்து எறிந்தவர் அர்மாண்டோ கலராகா, வெனிசுவேலாக்காரர், வயது 28. கீழ்மட்ட லீகில் கிடந்தவரைச் சில வாரங்களுக்கு முன்புதான் மறுபடி மேலே கூப்பிட்டிருந்தார்கள். அன்றைக்கு அவர் கையில் என்ன இருந்ததோ, வந்தவர் எல்லாம் அவுட். ஒன்பது இன்னிங்ஸில் 27 பேர் வரிசையாக அவுட் ஆகி, ஒருத்தர்கூட பேஸை, அதாவது அடித்தவர் ஓடிப்போய்த் தொட வேண்டிய இடத்தை, எட்டாமல் போனால் அதற்குப் பெர்ஃபெக்ட் கேம் என்று பெயர். முதல் பெர்ஃபெக்ட் கேம் 1880-இல் நடந்தது. அதிலிருந்து அன்றுவரை, 130 வருஷத்தில், மொத்தமே 20 தான்.

ஒன்பதாவது இன்னிங்ஸின் முதல் ஆள் தூக்கி அடித்த பந்தை ஆஸ்டின் ஜாக்சன் முதுகைக் காட்டிக்கொண்டே ஓடிப்போய்ப் பிடித்தார். அந்த கேட்ச்சை மட்டும் யூடியூபில் தனியாகப் பார், கண்ணு. அடுத்தவரும் அவுட். 26 ஆயிற்று. கடைசி ஆள் ஜேசன் டொனால்ட். தரையோடு உருண்டு வந்த பந்தை மிகெல் கப்ரேரா எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தார். கலராகா ஓடிவந்து பந்தை வாங்கிப் பேஸை மிதித்தார். டொனால்ட் பேஸைத் தொட ஒரு அடி இருக்கும்போதே அவுட். மைதானமே எழுந்து நின்றுவிட்டது. முதல் பேஸ் அம்பயர் ஜிம் ஜாய்ஸ் இரண்டு கையையும் விரித்து ‘சேஃப்’, அதாவது அவுட் இல்லை, என்றார்.

கலராகாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். கத்தவில்லை, கையுறையை வீசவில்லை. லேசாக ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். டைகர்ஸ் மேனேஜர் ஜிம் லேலண்ட் வந்து சண்டை போட்டார், மற்ற ஆட்டக்காரர்களும் போட்டார்கள். கலராகாவோ திரும்பிப் போய் 28-வது ஆளையும் அவுட் ஆக்கி ஆட்டத்தை முடித்தார். 3-0 வெற்றி.

அப்போது வீடியோ பார்த்துத் தீர்ப்பை மாற்றுகிற வசதி பந்தை வேலிக்கு வெளியே அடிக்கும் ஹோம் ரன் சமாசாரங்களுக்கு மட்டும்தான் இருந்தது. அதனால் ஜாய்ஸும் ஆட்டம் முடிந்து உள்ளே போனபிறகுதான் பார்த்தார். பார்த்ததும் உடைந்துபோய்விட்டார். சமாளிக்கப் பார்க்கவில்லை. அந்தப் பையனின் பெர்ஃபெக்ட் கேமை நான் கெடுத்துவிட்டேன் என்று பத்திரிகைக்காரர்களிடமே சொன்னார். கலராகாவை நேரில் பார்த்து, கட்டிப்பிடித்து, அழுது மன்னிப்புக் கேட்டார். குறையில்லாத மனிதர் யார் என்று கேட்டுவிட்டு விஷயத்தை அதோடு விட்டுவிட்டார் கலராகா.

இதுவரை எல்லோரும் சொல்லும் கதை. எனக்குப் பெரிதாகப் படுவது மறுநாள் நடந்ததுதான். வேண்டுமானால் லீவு எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஜாய்ஸிடம் சொல்லிப் பார்த்தார்கள், அவர் கேட்கவில்லை. அன்று, மட்டைக்காரர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நிற்கும் முறை அவருடையது. அதாவது ஒவ்வொரு பந்துக்கும் தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடம், அதே ஊர், அதே ஜனம். அணிப்பட்டியலை அம்பயரிடம் கொண்டுவந்து கொடுக்க டைகர்ஸ் கலராகாவையே அனுப்பியது. ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். அப்புறம் ஆட்டத்தை நடத்தினார். சில நாளில் ஈஎஸ்பிஎன் என்ற விளையாட்டு டிவி ஆட்டக்காரர்களிடமே கருத்துக்கணிப்பு எடுத்தது. சிறந்த அம்பயர் என்று அதிகம் பேர் சொன்னது ஜாய்ஸ் பெயரை.

தீர்ப்பை மாற்றித் தரும்படி பலர் கேட்டும் கமிஷனர் பட் சீலிக் மாற்றவில்லை. ஆகவே இன்றைக்கு 24 ஆகிவிட்ட அந்தப் பட்டியலில் கலராகா பெயர் கிடையாது. எனக்கு இதில் இன்னும் கோபம்தான். 28-வது ஆளும் அவுட் ஆன பிறகு யாருக்கு என்ன நஷ்டம்? 1983-இல் ஜார்ஜ் பிரெட் என்ற ஆட்டக்காரரின் மட்டையில், பிடி வழுக்காமல் இருக்கத் தடவும் பைன் பிசின் அளவுக்கு மேல் பூசியிருக்கிறது என்று, 17 அங்குல ஹோம் பிளேட்டின் மேலேயே மட்டையை வைத்து அளந்து ஹோம் ரன்னை ரத்து செய்தார்கள். அதை மட்டும் லீக் தலைவர் மாற்றி, விட்ட இடத்திலிருந்து ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். சரி, அது விதியைப் படித்ததில் வந்த சிக்கல், இது கண் பார்த்ததில் வந்தது என்பார்கள்.

ஜாய்ஸுக்கு முன்னாலேயே இப்படித் தவறிய அம்பயர் டான் டென்கிங்கர். 1985 உலகத் தொடர் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்), ஆறாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ். அதே முதல் பேஸ். தெளிவாக அவுட்டான ஜோர்ஜ் ஓர்ட்டாவை சேஃப் என்றார். கோப்பைக்கு மூன்றே அவுட் பாக்கி வைத்திருந்த செயின்ட் லூயிஸ் அந்த ஆட்டத்தில் 2-1 என்று தோற்று, மறுநாள் 11-0 என்று தொடரையே கோட்டைவிட்டது. மறுநாளும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நின்றவர் டென்கிங்கர்தான். கொலை மிரட்டல் கடிதங்கள் வந்தன. ஆனாலும் 1998 வரை அம்பயராகவே இருந்தார்.

2014-இலிருந்து இந்த மாதிரித் தீர்ப்புகளை வீடியோவில் சரிபார்க்கிறார்கள். உன் மைதானத்தில் அதெல்லாம் ஏது? கண்ணும் காதும்தான். அதனால் ஒரு வாத்தியார் பாடம், பிடித்தால் வைத்துக்கொள். முதல் பேஸில் பந்தைக் கண்ணால் துரத்தாதே. பேஸையும் ஓடிவருகிறவன் காலையும் பார், பந்து கையுறையில் விழும் சத்தத்தைக் காதால் கேள். எது முந்தியதோ அதுதான் தீர்ப்பு. டென்கிங்கருக்குக் கூட்டத்தின் இரைச்சலில் அந்தச் சத்தம் கேட்கவில்லை. பேஸை ஒட்டி நிற்காமல் நாலைந்து எட்டு தள்ளி நில். ரொம்பப் பக்கத்தில் நின்றால் கையுறையும் காலும் ஒரே பார்வையில் அகப்படாது. இன்னொன்று, கை தூக்குவதற்கு முன் ஒரு மூச்சு விட்டுக்கொள், பந்து கையுறையிலிருந்து நழுவியும் விழலாம்.

கத்திய மனிதரிடம் அடுத்த வாரம் முதல் பேஸில் நின்று பார்க்கும்படி மாப்பிள்ளையை விட்டுக் கேட்கச் சொல். எப்படியும் உங்களுக்கு ஆள் பற்றாக்குறை என்றுதானே உன்னைக் கூப்பிட்டார்கள்.

பேரன் வீடியோவைப் பார்த்தேன். மட்டை பிடிப்பது நன்றாக இருக்கிறது. பந்து பிடிக்கும்போது ஏன் கண்ணை மூடிக்கொள்கிறான் என்று தாத்தா கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா