நெட்டைக் கோபுரத்துக்கும் ஒரு நாள் ஒதுக்கு

கண்ணு,

நீ அனுப்பிய விவரத்தை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அமெரிக்காவுக்குப் போயி, அங்கிருந்து சமணம் படிக்க டெல்லிக்கு வர்றாளா? தலையைச் சுத்தி மூக்கைத் தொடறதுன்னா இதுதான்" என்றாள். கோபமெல்லாம் இல்லை. கோடை லீவில் நாலு வாரம் இந்தியாவில் இருப்பாய் என்பது மட்டும்தான் அவள் காதில் விழுந்தது. பொடி இடிக்க அன்றைக்கே எள்ளு வாங்கி வைத்துவிட்டாள்.

இன்டர்நேஷனல் ஸ்கூல் ஃபார் ஜெயின் ஸ்டடீஸ் என்று ஒன்று 2005இல் இருந்து வெளிநாட்டில் படிக்கிற பிள்ளைகளை இப்படிக் கூட்டி வந்து பாடம் நடத்துகிறது என்பதே நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். துறவிகளை நேரில் பார்த்துப் பேசலாமாமே, நல்லதுதான்.

சாப்பாட்டுக்கு மட்டும் மனதைத் தயார் பண்ணிக்கொள். பொழுது இறங்குவதற்குள் ராச்சோறு முடிந்துவிடும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு எதுவும் வராது. கிழங்கைப் பிடுங்கினால் செடியே போகிறது, அதற்குள் எண்ணிக்கையில்லாத உயிர் இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. இதில் எனக்கு ஒரு வேடிக்கை. பச்சை மஞ்சள் ஆகாது, காய்ந்த மஞ்சள் ஆகும். இஞ்சி ஆகாது, சுக்கு ஆகும். ஈரோடு மார்க்கெட்டில் ஒரு சமண வியாபாரிதான் இதைச் சொன்னார், என் சாக்கிலிருந்து ஒரு விரலி மஞ்சளை எடுத்துப் படக்கென்று ஒடித்து உள்நிறம் பார்த்துக்கொண்டே. "அப்ப அதைத் தோண்டி வேகவெச்சுக் காயப்போடற பாவம் யாருக்குங்க?" என்றேன். சிரித்துக்கொண்டே விலையைக் குறைத்துக் கேட்டார்.

இதை உன் வாத்தியார்களிடம் கேள். ஏர் ஓட்டினால் புழு பூச்சி சாகும் என்றுதான் வடக்கே சமணர்கள் பெரும்பாலும் வியாபாரத்தில் இறங்கினார்கள் என்பார்கள். ஆனால் வந்தவாசி, ஆரணிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்கள் பெரும்பாலும் விவசாயிகள். அவர்கள் மடம்கூடத் திண்டிவனம் பக்கம் மேல்சித்தாமூரில் இருக்கிறது. உழுதுகொண்டே கொல்லாமையை எப்படிக் காப்பாற்றினார்கள்? நம் காட்டில் டிராக்டர் ஓடும்போது பின்னாலேயே கொக்கு நடந்து வருமே, எதைப் பொறுக்க வருகிறது என்று உனக்குத் தெரியும். எனக்கு இது விளையாட்டுக் கேள்வி இல்லை.

பாடம் முடிந்ததும் டெல்லியிலிருந்தே திரும்பி ஏறிவிடாதே. நம் விஜயமங்கலத்தில் நீ ஸ்கூல் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே தாண்டிப்போன நெட்டைக் கோபுரம், சந்திரப்பிரபர் என்ற தீர்த்தங்கரருக்குக் கட்டிய சமணக் கோயில்தான். கர்நாடகத்துச் சிரவணபெளகொளாவில் 57 அடிக் கோமதீஸ்வரர் சிலையை நிறுத்திய கங்க அமைச்சர் சாமுண்டராயரின் தங்கை இங்கேதான் உண்ணாநோன்பிருந்து உயிர் விட்டாள் என்று தூணிலேயே எழுத்து இருக்கிறது. பெருங்கதை என்ற காப்பியத்தைப் பாடிய கொங்குவேளிரும் இந்த ஊர்க்காரர். அந்த நூலை உ.வே.சா. 1924இல் அச்சில் கொண்டுவந்தபோது தலையும் இல்லை, வாலும் இல்லை, இன்றுவரை கிடைக்கவில்லை. நன்னூல் எழுதிய பவணந்தியைச் சீனாபுரத்துக்காரர் என்றுதான் நம் பக்கத்தில் சொல்கிறோம். பத்தாம் வகுப்பில் நீ திட்டித் தீர்த்தாயே, அந்த நன்னூல்தான்.

அரச்சலூர் நாகமலைக்கும் போகலாம். குகைப் பாறையில் 'த தை தா தை த' என்று தாளச் சொற்களைப் பழைய தமிழ் எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். மேலே ஏற என் முட்டி விடாது, நான் கீழே வண்டியில் இருந்துகொள்கிறேன்.

நீ வரும்போது மஞ்சள் முளைத்திருக்கும், களையெடுக்க ஆள் கிடைக்காத நேரம். கூடப் படிக்கிற பிள்ளைகளையும் கூட்டி வா. சின்ன வெங்காயமும் பூண்டும் போடாமல் அரிசியும் பருப்பும் ஆக்க முடியுமா என்று உன் அம்மா ரெண்டு நாளாக யோசிக்கிறாள். முடியாது என்பது என் கட்சி.

அப்பா
விஜயமங்கலம்