ஆளுமையும் அறிதிறனும்: உளவியல் வாசிப்பு வட்டத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பேரவைக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நமது வட்டத்தின் கடந்த ஆண்டுப் பணிகளைப் பேரவையின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. புதிதாகச் சேர்ந்தவர்களில் ஆசிரியர்கள் பலர். அவர்கள் கேட்ட கேள்விகளால் ஆண்டின் போக்கே மாறியது.

நாம் முதலில் எடுத்துக்கொண்ட பொருள், ஒருவரின் ஆளுமை அவரது அறிதிறனை, அதாவது கவனம், நினைவு, சிந்தனை போன்ற திறன்களைப் பாதிக்கிறதா என்பது. இரண்டாவது கூட்டத்திலேயே, 'இவற்றை எதைக் கொண்டு அளக்கிறார்கள், அந்த அளவை எவ்வளவு நம்பலாம்' என்று ஒருவர் கேட்டுவிட்டார். அதோடு பழைய தலைப்பு போயிற்று. சிலருக்கு அதில் வருத்தம் உண்டு. எனக்கு இல்லை.

ஆளுமையை அளக்கும் கேள்விப் பட்டியல்களான வினாநிரல்களைப் பற்றிய கூட்டத்தில் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரரின் 1948ஆம் ஆண்டுச் சோதனையைப் படித்தோம். அவர் தம் மாணவர்கள் 39 பேரிடம் ஆளுமைச் சோதனை நடத்தி, எல்லோருக்கும் ஒரே குறிப்பை அவரவர்க்கென்று எழுதியது போலக் கொடுத்தார். அதில் பெரும்பகுதி ஒரு சோதிட நூலிலிருந்து எடுத்தது. மாணவர்கள் அதற்கு 5க்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் வழங்கினார்கள். 'எனக்கு அப்படியே பொருந்துகிறது' என்பது சான்றாகாது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தம் இணையச் சோதனை முடிவுகளை அச்சிட்டுக் கொண்டுவந்திருந்த உறுப்பினர்கள் அவற்றைச் சத்தமில்லாமல் பைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

ஆண்டின் சிறந்த கூட்டம் என்று நான் கருதுவது, உளவியலாளர் ஸ்ட்ரூப் 1935இல் வெளியிட்ட சோதனையை நாமே செய்து பார்த்த கூட்டம். 'சிவப்பு' என்ற சொல் பச்சை மையில் இருக்கும். சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். எல்லோரும் தடுமாறினார்கள், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் உட்பட. ஆனால் அடுத்த கூட்டத்தில் அதையே திரும்பச் செய்தபோது, யார் அதிகம் தடுமாறினார், யார் குறைவாகத் தடுமாறினார் என்ற வரிசை குலைந்துபோயிருந்தது. முதல் வரிசையில் பெருமிதத்தோடு நின்றவர் பின்வரிசைக்குப் போனார்.

காரணத்தைக் கரும்பலகையில் கணக்குப் போட்டே கண்டோம். தடுமாற்ற அளவு என்பது இரண்டு நேரங்களின் வித்தியாசம்: சொல்லும் மையின் நிறமும் முரண்படும்போது ஆகும் நேரம், முரண்படாதபோது ஆகும் நேரம். வேகமானவர் இரண்டிலும் வேகமாகவே இருப்பார். கழித்ததும் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு பெரிதும் அடிபட்டு, அளவீட்டுப் பிழை தங்கிவிடுகிறது. இரு நேரங்களின் நம்பகமும் (திரும்ப அளந்தாலும் அதே வரிசை கிடைக்கும் அளவு; பிழையே இல்லையென்றால் 1) தலா 0.9, அவற்றின் ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து கூடிக்குறையும் அளவு) 0.8, ஆளுக்கு ஆள் உள்ள பரவலும் சமம் என்று வைத்துக்கொண்டால், வித்தியாசத்தின் நம்பகம் வெறும் 0.5. ஸ்ட்ரூப் போன்ற சோதனைப் பணிகள் எல்லோரிடமும் விளைவைக் காட்டுவதில் வல்லவை, ஆளைப் பிரித்துக் காட்டுவதில் மோசமானவை என்பதை ஹெட்ஜ் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2018இல் விரிவாகக் காட்டியிருக்கிறார்கள்.

இந்தப் பிழை அதோடு நிற்பதில்லை. உளவியலாளர் ஸ்பியர்மன் 1904இலேயே தந்த சூத்திரத்தின்படி, ஆளுமை வினாநிரலின் நம்பகம் 0.8, அறிதிறன் பணியின் நம்பகம் 0.5 எனில், உண்மையில் 0.3 ஆக உள்ள ஒட்டுறவு நம் கண்ணுக்கு 0.19 ஆகத்தான் தெரியும். பலவீனமான தொடர்பா, பலவீனமான அளவுகோலா என்று கேட்காமல் 'தொடர்பில்லை' என்று எழுதிவிடுவது அவசரம். போதாக்குறைக்கு, வழக்கமான ஆய்வுகளில் ஒட்டுறவு மதிப்பு ஆட்டம் குறைந்து நிலைபெறவே ஏறத்தாழ 250 பேர் வேண்டும் என்கிறது 2013இல் வெளிவந்த ஒரு கணினிவழி ஆய்வு. நம் வட்டத்தின் உறுப்பினர் பதிவேடு அந்த எண்ணிக்கையை எட்டிப் பார்க்கக்கூட முடியாது.

உளவியலாளர் ரெவெல்லும் சக ஆய்வாளர்களும் 1980இல் வெளியிட்ட காஃபின் ஆய்வு மிகுந்த விவாதத்தைக் கிளப்பியது. காலையில் காஃபின், யோசியாமல் சட்டெனச் செயல்படும் இயல்பினரின் மொழித்திறன் மதிப்பெண்ணை உயர்த்தியது. நிதான இயல்பினருடையதைக் குறைத்தது. மாலையில் எல்லாம் தலைகீழ். சோதனை நடந்த நேரத்தைக் குறித்துவைக்காத ஆய்வாளருக்குக் காலை விளைவும் மாலை விளைவும் ஒன்றையொன்று சரிக்கட்டி, ஒன்றுமே நடக்காதது போலத் தெரியும். அன்று கூட்டம் முடிய வெகுநேரமாயிற்று. அரங்கப் பொறுப்பாளர் விளக்கை அணைத்துவிட்டே பேச்சை நிறுத்த வேண்டியதாயிற்று.

புள்ளியியல் பயிற்சி வகுப்பு நடக்கவில்லை. நூலகப் புத்தகங்கள் சில திரும்பவில்லை. யாரிடம் இருக்கின்றன என்பது பதிவேட்டில் உள்ளது.

வரும் ஆண்டில் உறுப்பினர்களே காலையிலும் மாலையிலும் ஒரே நினைவாற்றல் பணியைச் செய்து பதிவு செய்யலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. பழக்கத்தால் வரும் முன்னேற்றம் முடிவைக் குழப்பாதிருக்க, பாதிப் பேர் மாலையில் தொடங்குவார்கள். எதிர்பார்ப்பதை முன்னதாகவே எழுதி முத்திரையிட்டுத் தலைவரிடம் ஒப்படைக்க வேண்டும். பெயர்களுக்குப் பதில் எண்கள் மட்டுமே இருக்கும். விரும்பாதவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஒப்புதல் படிவத்தின் வரைவு இப்போது சுற்றுக்கு விடப்படுகிறது. திருத்தம் இருந்தால் புதிய நிர்வாகிகள் தேர்தல் தொடங்குமுன் எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்