எங்கள் மருத்துவமனைக்கு வரும் குடும்பங்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் தூத்துக்குடி மாவட்டம் பட்ட பாட்டை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரைபுரண்டதில் ஸ்ரீவைகுண்டமும் ஏரலும் துண்டிக்கப்பட்டன. தண்ணீர் வடிந்த கையோடு எங்கள் மருத்துவர்களும் செவிலியர்களும் சம்பளம் கேட்காமல் முறைபோட்டு, ஏரல் பக்கத்துக் கிராமங்களில் முகாம் நடத்தினார்கள். அவர்களில் சிலர் தங்கள் வீட்டுச் சேற்றையே அப்போது அள்ளி முடித்திருக்கவில்லை.

அந்த முகாமில் காலாவதியான மாத்திரை கொடுத்தோம் என்று ஒரு செய்தி கைப்பேசிகளில் சுற்றுகிறது. ஊழியர்களின் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

எலிக்காய்ச்சலைத் தடுக்க, வெள்ளநீரில் நின்ற பெரியவர்களுக்கு டாக்சிசைக்ளின் 200 மில்லிகிராம், வாரம் ஒருமுறை. 100 மில்லிகிராம் மாத்திரையில் இரண்டு. ஆகவே பத்து மாத்திரை அட்டையை வெட்டி ஐந்து பேருக்குக் கொடுத்தோம். அந்த அட்டையில் தேதி ஓரத்தில் ஓர் இடத்தில்தான் அச்சாகியிருந்தது. அந்தத் துண்டு ஒருவருக்குப் போனால் மற்ற நால்வரிடம் தேதி இராது. ‘தேதியைக் கத்தரித்துவிட்டார்கள்’ என்ற பேச்சு கிளம்பியது இதனால்தான். மருந்து வாங்கிய பில்லும் தேதியுள்ள பெட்டிகளும் வரவேற்பறையில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். இரண்டே மாத்திரைதானா என்று கேட்டவர்களுக்கும் சொல்கிறேன், ஒரு வேளைக்கான அளவே அதுதான். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அதைக் கொடுக்காதது கஞ்சத்தனத்தால் அல்ல. அவர்களுக்கு அது ஆகாது.

உண்மையில் முகாமில் அதிகம் பேர் காட்டியது சேற்றுப்புண் வந்த கால்களைத்தான். மின்சாரம் இல்லாத வீட்டில் ஒரு பாட்டி, இன்சுலின் குப்பியை நீர் புகாமல் கட்டி, ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைத்துக் காப்பாற்றியிருந்தார். எங்கள் செவிலியர் அந்தத் தெரு முழுக்க அதைச் சொல்லிக்கொடுத்தார்.

மருந்துப் பெட்டிகளை ஏற்றிப்போக டிராக்டர் கொடுத்தவர்களுக்கும், முகாமுக்காக அறுவை சிகிச்சைத் தேதியை முகம் சுளிக்காமல் தள்ளிவைத்துக்கொண்டவர்களுக்கும் என்ன கைம்மாறு செய்வேன்! நீங்கள் இல்லாமல் அந்த ஊர்களுக்குள் நாங்கள் போயிருக்கவே முடியாது.

ஜெனரேட்டர், மருந்துச் செலவு கூடிவிட்டதால் பிப்ரவரி 1 முதல் ஓ.பி. சீட்டுக்கு 50 ரூபாய் கூடுதல். ஞாயிறு மாலை ஓ.பி. இப்போதைக்கு இல்லை.

வெள்ளத்தில் மருத்துவக் கோப்புகளை இழந்தவர்கள் நோயாளியின் பெயரும் வயதும் சொன்னால் போதும், எங்களிடம் உள்ள பதிவுகளின் நகலைக் கட்டணமின்றித் தருகிறோம். சர்க்கரை, இதய நோய் மருந்து எடுப்பவர்கள் முதலில் வாருங்கள்.

அன்புடன்,
நிர்வாகி