உரிமம் ரத்தானாலும் நீர் அங்கேதான் நிற்கிறது

ஆசிரியருக்கு,

பழைய சிறு நீர்மின் அணைகள் சொற்ப வருமானமே தருவதால் அவற்றின் பராமரிப்பு தள்ளிப்போடப்படுகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பெருவெள்ளத்தை வெளியேற்றும் வசதி போதாது என்பதற்காக 2018-இல் மின் உற்பத்தி உரிமம் ரத்து செய்யப்பட்ட ஈடன்வில் அணை, 2020 மே 19 அன்று உடைந்தது. கீழே இருந்த சான்ஃபோர்டு அணையும் தப்பவில்லை, சுமார் 10,000 பேர் வெளியேற நேர்ந்தது. நீர் கரைக்கு மேல் வழியுமுன்பே, தளர்ந்திருந்த மண்கரை வலுவிழந்து சரிந்தது என்பதுதான் கவனிக்கத்தக்கது. உரிமத்தை ரத்து செய்யும்போதே, பழுது நீங்கும்வரை நீர்மட்டத்தைத் தாழ்த்தி வைக்கும் பொறுப்பையும் அதற்கான நிதியையும் உறுதி செய்ய வேண்டும். கரையடியில் கசியும் நீர் தெளிவாக வருகிறதா, மண் கலந்து கலங்கலாக வருகிறதா என்று தவறாமல் பார்ப்பதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் ஆகிவிடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்