ஊஞ்சல் பலகை கொஞ்சம் குறையும்

ஏற்காடு, ஞாயிறு

மாப்பிள்ளை,

ஊஞ்சல் பலகை எப்போது வரும் என்று 3 தடவை கேட்டுவிட்டாய். வரும். நீ சொன்ன அகலத்தில் வராது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

காற்றில் விழுந்த பலாவை மில்லுக்கு இறக்க லாரி கேட்டேன். 20 கொண்டை ஊசி வளைவு, மழை வேறு, இன்று நாளை என்று இழுத்ததில் மரம் 6 வாரம் காப்பிச் செடி ஓரத்திலேயே கிடந்துவிட்டது. போன வாரம் போய்ப் பார்த்தால், ஊதுபத்திச் சாம்பல் உதிராமல் நிற்குமே, அப்படிப் பட்டை முழுக்கக் குச்சி குச்சியாய் நீட்டிக்கொண்டிருக்கிறது. தொட்டதும் மாவு. கரையான்தான் என்று மண்ணெண்ணெய் கேனைத் தூக்கிவிட்டேன். ஆசாரி சிரித்தார். உளியால் ஒரு சில்லைப் பெயர்த்தார்: குண்டூசி நுழையும் ஓட்டை, உள்சுவரில் மை தடவினாற்போலக் கறுப்பு, அதற்குள் எள்ளளவு வண்டு.

அப்புறம் தேடிப் படித்தேன். அம்ப்ரோசியா வண்டாம் இது, மரத்தைத் தின்பதே இல்லை! குடைந்த தூளை வெளியே தள்ளிவிட்டு, சுரங்கச் சுவரில் பூஞ்சை பயிரிடுகிறது. தாயும் புழுக்களும் அதைத்தான் மேய்கின்றன. பிறந்த மரத்தை விட்டுக் கிளம்பும்போதே உடம்பிலுள்ள குட்டிப் பையில் பூஞ்சை வித்துகளை எடுத்து வந்துவிடுமாம், உங்கள் அக்கா புகுந்த வீட்டுக்கு உறைமோரைத் தூக்கில் கொண்டுபோனாளே, அதே மாதிரி. பூஞ்சைக்கும் இந்த வாகனத்தை விட்டால் மரம் மாற வழியில்லை. 1836இல் ஷ்மிட்பெர்கர் என்ற ஆஸ்திரியர் சுரங்கத்தில் இதைப் பார்த்து அம்ப்ரோசியா, அதாவது அமிர்தம், என்றே பெயர் வைத்தார். அது பூஞ்சை என்று ஹார்ட்டிக் கண்டுசொன்னது 1844இல்தான்.

விழுந்த மரம் உள்ளே புளித்துச் சாராய வாடை விடும், அதை மோந்துதான் வண்டு வருகிறது. பொறி வைப்பவர்களும் சாராயத்தைத்தான் வைக்கிறார்கள். நம் செட்டிலும் இப்படி ஒருவன் இருந்தான், பெயர் வேண்டாம்.

இதன் பங்காளி ஒன்று காப்பியின் பச்சைக் கிளையையே துளைக்கும். ரொபஸ்டா ரகத்தில்தான் அதிகம், ஓட்டைக்கு 2, 3 அங்குலம் தள்ளி வெட்டி எரிக்க வேண்டும். என்னுடையது அரபிகா, அதற்கு வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்று வேறு எமன் இருக்கிறான்.

சரி, பயப்படாதே. மரம் காய்ந்தால் பூஞ்சை வளராது, பூஞ்சை இல்லையென்றால் வண்டுக்குச் சோறில்லை, உன் வீட்டுக் கதவுக்கெல்லாம் தாவாது. வெளி வெள்ளையை அறுத்துத் தள்ளிவிட்டு மஞ்சள் வைரத்தை மட்டும் எடுக்கிறோம். அரையடி போகும். நீயும் தங்கச்சியும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சங்கிலியை நீயே பார்த்து வாங்கி வை.