பெரிதாக்கினாலும் கோடு மங்காமல் இருக்க

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். செயலியில் நிரல் எழுதி வரையும் கட்டடத் தள வரைபடம், சார்ட் போன்றவற்றை இரு விரலால் விரித்ததும் கோடுகள் ஏன் மங்குகின்றன என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். புகைப்படம் மங்கினால் சரி, கணக்கிட்டு வரையும் கோடு ஏன் மங்க வேண்டும் என்பது நியாயமான கேள்விதான்.

ஐபோனில் 'ட்ரா ரெக்ட்' (வரையும் வேலையைச் செய்யும் நிரல்பகுதி) ஒருமுறை ஓடி முடிந்ததும், வரைந்ததெல்லாம் பிக்சல்களாக நினைவகத்தில் தங்கிவிடும். நகர்த்தவும் விரிக்கவும் உதவும் 'ஸ்க்ரோல் வியூ' ஜூம் செய்யும்போது மறுபடி வரையச் சொல்வதில்லை. தங்கிய பிக்சல்களையே இழுத்துப் பெரிதாகக் காட்டுகிறது. மறுபடி வரையச் சொல்லும் 'செட் நீட்ஸ் டிஸ்ப்ளே' அழைத்தாலும் பயனில்லை, பழைய பிக்சல் அடர்த்தியில்தான் மீண்டும் வரையும். அடர்த்தியையே மாற்ற வேண்டும். ஜூம் முடிந்ததும் ஸ்க்ரோல் வியூ உங்கள் நிரலுக்குத் தகவல் சொல்லும் டெலிகேட் அழைப்பில், வியூவின் (திரையில் படம் காட்டும் பகுதியின்) அடர்த்தியைக் குறிக்கும் 'கன்டென்ட் ஸ்கேல் ஃபேக்டர்' மதிப்பை ஜூம் அளவு × திரையின் ஸ்கேல் (பாயின்ட் எனும் அளவு அலகின் ஒரு பக்கத்துக்கு எத்தனை பிக்சல் என்ற எண்) என்று வையுங்கள். திரையின் ஸ்கேலால் பெருக்க மறப்பதுதான் நாங்கள் அடிக்கடி பார்க்கும் பிழை. 3 ஸ்கேல் உள்ள திரையில் 2 மடங்கு ஜூமுக்கு 6 வர வேண்டும். வெறும் 2 வைத்தால் முன்பைவிட மோசமாகத் தெரியும். உள்ளே லேபிள்கள் (எழுத்தைக் காட்டும் சிறு வியூக்கள்) இருந்தால் அவை ஒவ்வொன்றுக்கும் தனியே வைக்க வேண்டும். விரல் நகர்ந்துகொண்டிருக்கும்போதே இதைச் செய்யாதீர்கள், திரை திக்கும்.

இந்த வழிக்கு எல்லை உண்டு. 400 × 800 பாயின்ட் வியூ, 3 ஸ்கேல் திரையில் சுமார் 11.5 எம்பி நினைவகம் எடுக்கும். 4 மடங்கு ஜூமில் அதுவே 16 மடங்காகி 184 எம்பியைத் தொடும். இதனால் செயலி திடீரென்று மூடிக்கொள்ளலாம். ஆகவே 2 மடங்குக்கு மேல் விரிக்க வேண்டுமானால் 'சிஏ டைல்டு லேயர்' பக்கம் போவதே நல்லது என்பது எங்கள் கருத்து. படத்தைச் சிறு கட்டங்களாக்கி, கண்ணில் படும் கட்டத்தை மட்டும் அது வரையும். எத்தனை முறை இரட்டிப்பாக்கி வரையலாம் என்று சொல்லும் 'லெவல்ஸ் ஆஃப் டீட்டெயில் பயஸ்' மதிப்பை 2 என்று வைத்தால் 4 மடங்கு வரை தெளிவு கிடைக்கும். ஆனால் வரைதல் பின்னணித் த்ரெட்களில் (செயலியில் ஒரே நேரத்தில் தனித்தனியே ஓடும் வேலைத் தொடர்களில்) நடக்கும். வரைந்துகொண்டிருக்கும் தரவை முதன்மைத் த்ரெட் அதே நேரத்தில் மாற்றினால் படம் சிதையும், செயலி நின்றும் போகலாம். வரையும் த்ரெட்களுக்குத் தரவின் நகலைக் கொடுத்துவிடுங்கள்.

சில வடிவங்கள் மட்டுமே இருந்தால் இவ்வளவு பாடு வேண்டாம். கோடு, வடிவங்களை வரையும் 'சிஏ ஷேப் லேயர்' பெரும்பாலும் திரையின் அளவுக்கே வரைந்துகொள்ளும். அதில், வரைந்ததைப் பிக்சல்களாகச் சேமிக்கும் 'ஷுட் ராஸ்டரைஸ்' இயக்கத்தில் இருந்தால் பழைய மங்கல் திரும்பிவிடும், அணைத்து வையுங்கள்.

ஆண்ட்ராய்டில், வரையும் நிரல்பகுதியான 'ஆன் ட்ரா' உள்ளே கேன்வாஸை (வரையும் பரப்பை) ஜூம் அளவுக்கு ஸ்கேல் செய்து, மறுபடி வரையச் சொல்லும் 'இன்வாலிடேட்' அழைத்தால் போதும். அங்கே மங்கினால், முதலில் பிட்மேப்பில் (பிக்சல் படத்தில்) வரைந்து பிறகு ஒட்டுகிறீர்களா, வியூவைப் பிக்சல்களாகச் சேமிக்கச் சொல்லும் 'லேயர் டைப்' ஏதும் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

ஜூம் செய்தாலும் கோடு மெல்லியதாகவே இருக்க வேண்டுமென்றால், அதன் தடிமனை ஜூம் அளவால் வகுத்து வரையுங்கள்.

அன்புடன்,
செயலி உருவாக்கக் குழு